நாலு ஒண்டு ஏழு

அந்தியேட்டி முடிந்து
வாடகைக் கதிரைகளை ஏற்றி அனுப்பிய மறுநாள்
அக்கா சொன்னாள்:
'அப்பாட பெட்டியக் கொண்டு போ தம்பி,
அந்த இடத்தில பாத்றூம் கட்டப் போறம்.'

வீடு அவளுக்கு. அதில் வழக்கில்லை.
அவளுடைய கலியாணத்துக்கு முன்பே
பேத்தாழை வளவு, கிணறு, இரண்டு மாமரம்
எல்லாம் அவள் பெயரில் எழுதியாயிற்று.
எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை என்பவன்
ஒரு சூட்கேசோடு
பெண்சாதி வீட்டுக்குப் போகிறவன்.
நான் ஆரையம்பதிக்குப் போனேன்.
சீதனத்தில் யாரும் எழுத மறந்தது
கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த
இந்த ஒரு பெட்டி.

ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது.
அப்பா சாமித்தம்பி, கடதாசி ஆலையில் பிற்றர்.
ஸ்பனர்கள், குழாய்க் குறடு, சுத்தியல்,
பழைய சாரத் துண்டில் சுற்றி ஒரு மைக்ரோமீற்றர்.
வாழைச்சேனை உப்புக் காற்றில்
இத்தனை வருடம் இருந்தும்
துரு இல்லை.
தையில் படுக்கையில் விழுந்தவர்
மார்கழியில் எண்ணெய் பூசியிருக்க வேண்டும்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன்.
எண்ணாமல் இருக்க முடியாது.
முப்பத்தொன்று.
அதில் இருபத்து மூன்றில்
ஒரே இலக்கம் குத்தியிருந்தது. 417.

முதலில் நினைத்தேன்:
ஆலையின் சாமானை அப்பா தூக்கி வந்திருக்கிறார்.
ஒரு கிழமை அதை யாரிடமும் சொல்லவில்லை.
பிறகு சேமலாப நிதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
அப்பாவின் இலக்கம் 268.
417 ஒரு ஆள்.

பெரிய ஸ்பனரில் மட்டும்
அந்த 4 பாதி அராவியிருந்தது.
ஐந்தாறு இழுவை இருக்கும்.
அதோடு நின்றிருக்கிறது.
எந்த வருடம் என்று இரும்பு சொல்லாது.
ஆலை நின்று சம்பளம் வராத மாதங்களில் ஒன்றாக இருக்கலாம்.
ஏன் தொடங்கினார் என்பது எனக்கு விளங்குகிறது.

அக்காவுக்கு அழைத்தேன்.
'தொண்ணூறாமாண்டு ஒரு ஆள்
விடியச் சாமம் வந்து வெச்சிட்டுப் போனது.
கிறுகி வாறன் எண்டது.
பேர் தெரியா, எனக்கு அப்ப ஒம்பது வயசு.
அந்தாள்ட சைக்கிள்ல மணி இல்ல,
வாயாலதான் கிணிங் எண்டு அடிக்கும்.'
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு,
'பாத்றூமுக்கு மேசன் வந்திருக்கான்,
மறுகா எடுக்கிறன்' என்றாள்.

காத்தான்குடியிலிருந்து ஆதம்பாவா காக்கா
தராசோடு வந்தார்.
கையில் எடுத்த எடுப்பிலேயே சிரித்தார்.
'நம்பர் அடிச்சது நல்ல உருக்கு தம்பி.
அதை நிறுக்க மாட்டன், சாமான் விலைக்கே எடுக்கிறன்.
மத்த எட்டும் லேசான இரும்பு.'

எட்டையும் எடுங்க, காக்கா.
நம்பர் அடிச்சது விக்கிறதுக்கில்ல.

'அப்ப இந்த எட்டும் ஆருட?'
அப்பாட.
'அந்த இருவத்து மூண்டும்?'
வேற ஒரு ஆள்ட.
அவர் தராசைக் கீழே வைத்தார்.
'அப்பன்ட சாமான வித்துப் போட்டு
அயலாள்ட சாமான வெச்சிருக்கப் போறீங்க.
கணக்கெழுதுற புள்ள நீங்க,
இதென்ன கணக்கு?'

பதில் என்னிடம் இருக்கவில்லை.
உள்ளே சுபோதினி
தன் தாயின் தையல் மெசினுக்குக் கீழே
துணி மூட்டையை இழுத்து இடம் பண்ணுகிற சத்தம் கேட்டது.
அவளுடைய வீடு.
அதில் இனி என்னோடு சேர்த்து இன்னொருத்தரும் இருப்பார்.
'எவ்வளவு நாளைக்கு?' என்றுமட்டும் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
'ஈரம் பிடிக்காம பலகையொண்டு போடுங்க.'

நாலு கிலோ இருநூறு கிராம்.
எண்ணூற்று நாற்பது ரூபா.
சுத்தியல், சாவணம், வளைந்த ஆணிபிடுங்கி,
கைபிடி இல்லாத திருப்புளி.
மைக்ரோமீற்றரும் அப்பாவினதுதான்;
அது போனபோது கொஞ்சம் வலித்தது.

எட்டில் ஒன்று அரம்.
அதன் பல்லிடுக்கில் இன்னும் இரும்புத் தூள்.
அதை நான்தான்
முதலில் தராசில் வைத்தேன்.